ஜெனி என்று கூப்பிட்டால் திரும்பாதவள்

தோ மல்சுனுக்கு ஆங்கிலம் பிடிக்காது. வராது என்பது வேறு, பிடிக்காது என்பது வேறு. வராதவர்கள் கொரியாவின் தேகு நகரில் தெருவுக்கு நூறு பேர் இருந்தார்கள். அவர்கள் வெட்கப்பட்டு, சிரித்து மழுப்பி, ஒதுங்கிப் போய்விடுவார்கள். மல்சுன் ஒதுங்குகிற ரகமில்லை. பங்காளித் தகராறில் கோர்ட்டுக்குப் போனவள் எதிராளியை முறைப்பது போல அந்த மொழியை முறைத்துக்கொண்டே ஐம்பத்து நான்கு வயது வரை வந்திருந்தாள்.

பகை பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. உய்சோங் பக்கம், பூண்டு வயல்களுக்கு நடுவே இருந்த பள்ளி. பதின்மூன்று வயதில்தான் முதன்முதலாக ஆங்கில எழுத்தைப் பார்த்தாள். கொரிய வாய்க்கு ‘ஃப’ என்ற ஒலி வராது. ‘ப’ என்றே விழும். கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு சொல்லச் சொன்னார் வாத்தியார். கடித்தாள். காற்றுதான் வந்தது.

“பூண்டு திங்கிற வாயில வேற என்ன வரும்? நாத்தம்தான் வரும்” என்றார் அவர்.

வகுப்பில் இருந்த அறுபது பேரும் சிரித்தார்கள். அந்த அறுபது பேர் வீட்டிலும் பூண்டுதான் விளைந்தது.

இருபது வருடம் கழித்து, மகள் போராமுக்காக வாங்கிய ஆங்கில ஒலிநாடாவைக் கேட்டபோதுதான் மல்சுனுக்கு ஒரு விஷயம் விளங்கியது. அந்த வாத்தியாருக்கும் ‘ஃப’ வந்ததே இல்லை. அடுப்படியில் நின்றபடி வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் கோபம் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரை பாத்திரங்கள் எல்லாம் சத்தம் போட்டன.

வணிகப் பள்ளிப் படிப்பு முடிந்ததும், பத்தொன்பது வயதில், மூக்குக் கண்ணாடிச் சட்டம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஆண்களுக்கெல்லாம் பதவிப் பெயரும், அதன் வாலில் ‘நிம்’ என்ற மரியாதை ஒட்டும் உண்டு. நேற்று சேர்ந்தவனுக்குக்கூட ஏதோ ஒன்று உண்டு. பெண்களுக்கு மட்டும் ‘மிஸ்’. மிஸ் பாக், மிஸ் சிம், மிஸ் தோ.

“மிஸ் தோ, காப்பி!”

“மிஸ் தோ, சாம்பல் கிண்ணத்தைக் கொட்டு!”

ஒருநாள் அகராதியை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினாள். மணமாகாத பெண்ணை மரியாதையாக அழைப்பது என்று போட்டிருந்தது. அகராதியை மூடி வைத்துவிட்டு, காப்பித் தட்டோடு மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

“என்னைக் கீழ பட்டறைக்கு மாத்துங்க.”

“பைத்தியமா உனக்கு? கீழ எல்லாம் நெருப்பும் புகையும். கை கருகிப் போயிடும்.”

“கருகட்டும். அங்க யாரும் காப்பி கேக்க மாட்டாங்க.”

கீழே, பற்றவைக்கும் பிரிவில் உட்கார்ந்தாள். கண்ணாடிச் சட்டத்தின் முகப்பும் காதுக் கம்பியும் சேரும் இடத்தில் அரிசிமணி அளவில் ஒரு கீல் இருக்கும். அதை நெருப்பால் ஒட்ட வேண்டும். ஒரு நொடி கூடினால் உலோகம் வெந்து போகும், குறைந்தால் ஒட்டாது. முதல் இரண்டு வருடம் அவள் விரல்களில் தோல் நின்றதில்லை. ஐந்தாவது வருடத்தில் சுடரின் நிறத்தைப் பார்த்தே நேரம் சொன்னாள். பதினான்காவது வருடத்தில் அந்தப் பிரிவுக்கே தலைவியானாள். பிரிவுத் தலைவரை பன்ஜாங் என்பார்கள். மீசை நரைத்த ஆண்கள்கூட “பன்ஜாங்நிம், கொஞ்சம் வந்து பாருங்க” என்று கூப்பிட வேண்டியதாயிற்று. முதல்முறை அப்படிக் கேட்ட அன்று, காது கேளாதவள் போல இரண்டாம் தடவை கூப்பிட வைத்தாள்.

ஆங்கிலம் அவளை அங்கேயும் விடவில்லை. இந்தத் தடவை மகள் வழியாக வந்தது.

போராமுக்கு ஆறு வயது. கணவனின் தம்பி மனைவி ஒருநாள் வந்து, தன் பையனுக்கு நாக்குக்கு அடியில் இருக்கும் தசையை மருத்துவரைக் கொண்டு வெட்டிவிட்டதாகப் பெருமையோடு சொன்னாள். நாக்கு நீண்டால் ஆங்கிலம் வெள்ளைக்காரன் மாதிரி வருமாம். “போராமையும் கூட்டிட்டுப் போங்க அக்கா. இப்ப விட்டா தசை கெட்டிப்பட்டுடும்.”

மல்சுன் கூட்டிக்கொண்டு போனாள். இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. அந்த மருத்துவமனையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் நன்றாகப் பேசினார்கள், சண்டை போட்டார்கள், ஒருத்தி பாட்டுப் பாடினாள். நாக்கில் ஒரு குறையும் இல்லாத பிள்ளைகள். உள்ளே இருந்து ஒரு பையன் வாயில் பஞ்சோடு வந்தான். போராம் அவனைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“நான் என்னம்மா தப்பாப் பேசினேன்?” என்று கேட்டாள்.

மல்சுன் அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, பேருந்துக்குக்கூட நிற்காமல் மூன்று நிறுத்தங்கள் நடந்தாள். அந்தத் தம்பி மனைவியோடு அதற்கப்புறம் பேச்சு குறைந்துபோனது.

நாக்கு தப்பியது, மகளின் இருபதுகள் தப்பவில்லை. கல்லூரி முடித்த போராம் மூன்று வருடம் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வுக்கே படித்தாள். அந்த மதிப்பெண் இல்லாமல் எந்த நிறுவனமும் விண்ணப்பத்தைத் தொடாது. பூசானில் மீன் பணியாரம் செய்யும் ஒரு கம்பெனியும் எண்ணூற்று ஐம்பது கேட்டது.

“மீனு என்ன இங்கிலீஷ்லயா நீந்துது?” என்றாள் மல்சுன்.

“எல்லாரும் கேக்குறாங்கம்மா. நான் மட்டும் என்ன பண்ண?”

“வாங்கிட்டியே போன வருஷம்?”

“ரெண்டு வருஷம்தான் செல்லும். அப்புறம் திரும்ப எழுதணும்.”

“படிச்ச படிப்பு பால் மாதிரி கெட்டுப் போகுமா? இதென்ன மொழியா, இல்ல மோர்க்கடையா?”

போராம் சிரிக்கவில்லை. எண்ணூற்று எழுபது வாங்கி அந்த வேலையில் சேர்ந்தாள். அங்கே மூன்று வருடத்தில் ஒரு ஆங்கில வார்த்தைகூட அவள் பேச வேண்டி வரவில்லை.

ஆக, முதலாளியின் மகன் ஜேஹ்யோக் வெளிநாட்டுப் படிப்பு முடித்துத் தொழிற்சாலைக்கு வந்தபோது, மல்சுனிடம் பழைய பாக்கி நிறையவே இருந்தது. வந்த இரண்டாம் மாதம் அவன் அறிவிப்பு ஒட்டினான். திங்கள்கிழமை முதல் பதவிப் பெயர்கள் கிடையாது. எல்லோருக்கும் ஆங்கிலப் பெயர். அவன் பெயர் ரையன். உலக நிறுவனமாக ஆவதற்கு இது முதல் படி என்று கீழே எழுதியிருந்தது.

அலுவலகப் பெண் ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

“பன்ஜாங்நிம், இதுல ஒரு பேரைத் தேர்ந்தெடுங்க.”

“எனக்குத்தான் ஒண்ணு இருக்கே.”

“அது கொரியப் பேருங்க. வெளிநாட்டுக்காரங்க வாயில நுழையாதுங்க.”

“அவங்க வாயில நுழையறதுக்கு நான் என்ன சோத்து உருண்டையா?”

உண்மையைச் சொன்னால் மல்சுனுக்குத் தன் பெயர் மேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. நாலாவதாகப் பெண்ணாகப் பிறந்தவளுக்கு, போதும்பொண்ணு என்கிற அர்த்தத்தில் அப்பா வைத்த பெயர் அது. இளம் வயதில் மாற்றிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்திருக்கிறாள். மாற்றுவதென்றால் அதை அவள் மாற்ற வேண்டும். பட்டியலோடு வந்து ஒருத்தி டிக் அடிக்கச் சொல்வது என்ன கணக்கு? காகிதத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

திங்கள்கிழமை காலை அவள் பெட்டகத்தில் ஒரு அட்டை தொங்கியது. ‘ஜெனி’.

பக்கத்து மேசையில் ஹங் இருந்தாள். வியட்நாமிலிருந்து கல்யாணம் கட்டிக்கொண்டு வந்தவள். பட்டறையிலேயே நிஜமாக வெளிநாட்டுக்காரி அவள் ஒருத்திதான். அவள் கழுத்தில் ‘ஹெலன்’ என்று தொங்கியது.

“அக்கா, கொரிய மொழி கத்துக்க எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சு. மாமியார்கிட்டத் திட்டு வாங்கி வாங்கிக் கத்துக்கிட்டேன்” என்றாள் ஹங், சுத்தமான தேகு இழுவையில். “இப்பத்தான் திருப்பித் திட்டவே பழகினேன். மறுபடி முதல்லேர்ந்தா?”

“உன் சொந்தப் பேரு அவங்க வாயில நுழையலியாமா?”

“ஹங். ஒரே ஒரு சத்தம். மூக்கு இருந்தாப் போதும், சொல்லிடலாம்.”

பத்து மணிக்குக் கிடங்கிலிருந்து ஒரு ஆள் வந்தான். வயது இருபத்தாறு இருக்கும். போன வெள்ளிக்கிழமை வரை அவளைக் கண்டால் குனிந்து வணக்கம் சொன்னவன்.

“ஜெனி! அந்தக் கீல் பொட்டிய எங்க வெச்ச?”

மல்சுன் சுடரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் மூன்று தடவை கூப்பிட்டான்.

“அக்கா, உங்களைத்தான்” என்றாள் ஹங் மெதுவாக.

“இங்க ஜெனின்னு யாரும் வேலை பாக்கல. வேற பட்டறையில தேடச் சொல்லு.”

இப்படியே இரண்டு வாரம் ஓடியது. ஜெனி என்று வந்த கேள்விகளுக்குப் பதில் கிடைக்கவில்லை; ஜெனிக்கு என்று வந்த காகிதங்கள் மேசையிலேயே கிடந்தன. கடைசியில் மாடிக்கு வரச்சொன்னார்கள். ஜேஹ்யோக் எழுந்து நின்று, இதமாகத்தான் பேசினான்.

“ஜெனி, இது சமத்துவத்துக்காகத்தான். பதவியை எடுத்துட்டா பெரியவங்க சின்னவங்கங்கிற பயம் போயிடும். எல்லாரும் மனசு விட்டுப் பேசலாம்.”

“அப்படியா? அப்ப உங்க அப்பா பேரு என்ன?”

“அவர் தலைவர்நிம்தான். அது வேற.”

“உங்களையும் எல்லாரும் ரையன்நிம்னுதானே கூப்பிடறாங்க. வாலு உங்க பேருக்கு மட்டும் எப்படி ஒட்டிக்கிச்சு?”

அவன் முகம் சிவந்தது.

“எங்க ஊர்ல இங்கிலீஷ் பேரை நாய்க்குத்தான் வைப்பாங்க” என்றாள் மல்சுன். “மேரி, ஜான், ஹாப்பின்னு. கூப்பிட்ட உடனே வாலாட்டிட்டு வரும். எனக்கு அந்தப் பழக்கம் இல்ல.”

மாடியில் சொன்னது மதியச் சாப்பாட்டுக்குள் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. சூப்புக் கிண்ணத்தின் மேல் குனிந்து பலர் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் அட்டையைக் கழற்றவில்லை. அதுதான் மல்சுனுக்கு அதிகமாக வலித்தது.

அந்த வருடம் சட்டத்தில் புது மாதிரி ஒன்று வந்தது. கீல் முன்பைவிடப் பாதி கனம். அந்தச் சூட்டுக்கு அவ்வளவு மெல்லிய உலோகம் தாங்காது என்று மல்சுனுக்கு முதல் நாளே தெரிந்தது. மாதிரிகளை மடக்கிப் பார்த்து, உடைந்ததை ஒரு உறையில் போட்டு, அறிக்கை எழுதி அனுப்பினாள். திரும்பி வந்தது. ‘புதிய ஆங்கிலப் படிவத்தில் சமர்ப்பிக்கவும்’ என்று மேலே முத்திரை. இரண்டாம் தடவையும் கொரிய மொழியில் எழுதினாள். இரண்டாம் தடவையும் முத்திரை. மூன்றாவது அறிக்கை திரும்பக்கூட வரவில்லை.

பிறகு டென்மார்க்கிலிருந்து கொள்முதல்காரி வருகிறாள் என்று சொன்னார்கள். பெரிய ஆர்டர். ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் மூன்று ஆங்கில வாக்கியம் சொல்ல வேண்டும். மல்சுனுக்கு வந்த சீட்டை, விடுமுறைக்கு வந்திருந்த போராம் வாசித்தாள். வருக வருக, என் பெயர் ஜெனி, பற்றவைக்கும் வேலையை நான் கவனிக்கிறேன். அவ்வளவுதான்.

“மூணே வரிம்மா. சொல்லிட்டுப் போயேன். சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவ?”

“குறைஞ்சிடுவேன்.”

“எல்லாத்துக்கும் சண்டையா? நான் எண்ணூத்து எழுபது வாங்கினவ. ஒரு வெள்ளைக்காரி வந்து நின்னா எனக்கே வாய் திறக்காது. உனக்கு மூணு வரி எழுதியே குடுத்திருக்காங்க.”

“அவ்வளவு படிச்சும் வாய் திறக்கலைன்னா, அந்தப் படிப்பு உன் வாயை அடைக்கத்தான் வந்திருக்கு.”

போராம் சீட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று மல்சுனுக்கு உடனே தோன்றியது. ஆனாலும் மன்னிப்பு கேட்கவில்லை. சீட்டை எடுத்து ஒருதடவை படித்தாள். ஒரே தடவையில் மனப்பாடமாகிவிட்டது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

கொள்முதல்காரி நரைத்த முடியோடு உயரமாக இருந்தாள். அவளும் ஆங்கிலத்தை நிதானமாக, நடுவில் நிறுத்தி வார்த்தை தேடித்தான் பேசினாள். அது அவள் வீட்டுப் பேச்சும் இல்லை என்பது மல்சுனுக்குப் புரிந்தது. இரவல் சட்டை போட்டவள் தோளைத் தோளை இழுத்துவிட்டுக்கொள்வது போல இருந்தது அவள் பேச்சு. ஜேஹ்யோக் மட்டும் மடமடவென்று கொட்டினான்.

அவள் புது மாதிரியைக் கையில் எடுத்தாள். காதுக் கம்பியை விரித்து, கீலை நகத்தால் தொட்டு, ஏதோ கேட்டாள். வார்த்தை புரியாவிட்டாலும் விரல் எங்கே நின்றது என்று மல்சுனுக்குத் தெரிந்தது.

“நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்” என்றான் ஜேஹ்யோக்.

அந்த இரண்டு சொல்லும் மல்சுனுக்குப் புரிந்தன. பிறகு அவன் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். இப்போது மூன்று வரி சொல்ல வேண்டும்.

மல்சுன் ஒரு அடி முன்னால் வந்தாள். சாதாரணக் கொரிய மொழியில், தேகு இழுவையோடு, சொன்னாள்.

“நான் தோ மல்சுன். இந்தப் பிரிவோட பன்ஜாங். நெருப்போட முப்பத்து மூணு வருஷமா இருக்கேன். இந்தக் கீல் ஒரு மாசம்கூடத் தாங்காது.”

“ஜெனி!” என்றான் ஜேஹ்யோக்.

அவள் கொள்முதல்காரியின் கையிலிருந்து கண்ணாடியை வாங்கினாள். கம்பியை விரித்தாள், மடக்கினாள், விரித்தாள், மடக்கினாள். பதினேழாவது தடவையில் டிக் என்று ஒரு சத்தம். இரண்டு துண்டையும் அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

கொள்முதல்காரி துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஜேஹ்யோக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இந்தத் தடவை அவனுக்குத்தான் வார்த்தை வரவில்லை.

கீலின் கனத்தைக் கூட்டினார்கள். இரண்டு மாதம் தள்ளி ஆர்டர் வந்தது. குறையை முன்கூட்டியே கண்டுபிடித்தது ரையனின் குழு என்று சுவரில் ஒட்டிய செய்தி சொன்னது. மல்சுனுக்கு ஆண்டு இறுதி மதிப்பீடு வந்தது. கைத்திறன் ஐந்துக்கு ஐந்து. உலகப் பார்வை ஐந்துக்கு ஒன்று. தை மாதம் அவளைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே நெருப்பு இல்லை. அட்டைப் பெட்டியை மடித்து ஒட்டுவதுதான் வேலை. கொரிய எழுத்து ஒன்றுகூட இல்லாத பெட்டிகள்.

மூன்று மாதம் மடித்தாள். பிறகு வேலையை விடுவதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

“பன்ஜாங்நிம்...” என்று அலுவலகப் பெண் தயங்கினாள். பழைய பெயர் அவளை அறியாமல் வந்துவிட்டது. “இதுக்கும் ஆங்கிலப் படிவம் இருக்குங்க.”

“அப்ப ஜெனிக்கு நீயே ஒண்ணு எழுதிடும்மா. நான் விடறது என் வேலையை.”

முப்பத்து நான்கு வருடம் இருந்த இடத்திலிருந்து ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள். வாசல் வரை ஹங் மட்டும் வந்தாள். தெருமுனை திரும்பும் வரை மல்சுன் அழவில்லை. அப்புறம் மருந்துக்கடைச் சுவரில் சாய்ந்துகொண்டு, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கும்படி, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

இரண்டு சந்து தள்ளி, உடைந்த சட்டங்களைப் பழுது பார்க்கும் சின்னப் பட்டறை ஒன்று இருந்தது. ஆறு பேர். ஒரு வாரத்தில் அங்கே சேர்ந்துவிட்டாள். நான்கு மாதம் கழித்து ஹங்கும் வந்து சேர்ந்தாள். வேலை குறைவு, இடம் குளிர். ஆனால் ஒரு கண்ணாடி உடைந்தால் ஏன் உடைந்தது என்று அவள் சொன்னதைக் கேட்டார்கள்.

அடுத்த வசந்தத்தில் போராம் தொலைபேசியில் பேசினாள். மீன் பணியாரக் கம்பெனியை விட்டு வேறு அலுவலகம் மாறியிருந்தாள்.

“அம்மா, சொன்னா கோவிக்காத. இங்கயும் இங்கிலீஷ் பேருதான். நான் ஒலிவியா.”

மல்சுன் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“எனக்குப் பிடிச்சிருக்கும்மா. நிஜமா. முந்தின இடத்துல மேலதிகாரி என்னை நீ வா போன்னுதான் பேசுவான். குடிக்க வரலைன்னா முறைப்பான். இங்க யாரும் என் வயசையே கேக்கல. ஒலிவியான்னு கூப்பிட்டா, அதட்ட அவங்களுக்கே வாய் வரல.”

மல்சுன் அதை யோசித்தாள். மகள் பொய் சொல்லவில்லை. அந்த மேலதிகாரி போன்றவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் காப்பி கலந்து கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியாதா?

“உன்னை மிதிக்காம இருக்கறதுக்கு அவங்களுக்கு வெளியூர்ப் பேரு ஒண்ணு வேண்டியிருக்கு. நம்ம பேர்ல இருந்தா மிதிப்பாங்க. அதானே?”

“அப்படித்தான் வெச்சுக்கயேன். மிதி விழலைல்ல?”

மிதி விழவில்லைதான். அதற்காக ஆங்கிலத்தின் மேல் அவள் வெறுப்பு ஒரு துளியும் குறையவில்லை. இன்னும் கொஞ்சம் கெட்டிப்பட்டது.

“கிம்ச்சி இருக்கா?” என்று கேட்டாள்.

“தீந்து போச்சு.”

“அனுப்பறேன்.”

போராம் புது முகவரியை அனுப்பினாள். அவள் குடியிருந்த கட்டடத்தின் பெயர் கொரிய எழுத்தில் பன்னிரண்டு அசை நீளத்துக்கு இருந்தது, அத்தனையும் ஆங்கிலம். ஏரி, பூங்கா, சிகரம் என்று அர்த்தமாம். அங்கே ஏரியும் இல்லை, பூங்காவும் இல்லை. காரத்தில் ஊறிய முட்டைக்கோஸ் கிம்ச்சியை அடைத்த பெட்டியின் மேல் இரண்டு அசை எழுதியவள், அடித்துவிட்டு, ‘மீன் சந்தைக்குப் பின்னால், சலவைக்கடைக்கு எதிரே உள்ள உயரக் கட்டடம், ஏழாம் மாடி, போராம்’ என்று எழுதினாள்.

பெட்டி மூன்று நாள் அலைந்துதான் போய்ச் சேர்ந்தது. தபால்காரர் இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினார்.

“கிம்ச்சி புளிச்சுப் போச்சும்மா” என்றாள் போராம்.

“குழம்பு வெச்சுச் சாப்பிடு” என்றாள் மல்சுன்.